பலகை இல்லாத பெஞ்சு

செஞ்சி பஸ் நிலையத்தில் அனந்தபுரம் பஸ்ஸுக்காக அரை மணி நேரமாக வெயிலில் நிற்கிறேன். நிழலில் நீளமாக ஒரு பெஞ்சு இருக்கிறது. வேர்க்கடலைக் கூடையோடு ஒரு பெண் அதில் உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சுக்கு மேலேயும் பின்னாலேயும் நான் அறிவிப்புப் பலகையைத் தேடுகிறேன்.

"இன்னாத்த தேடுறீங்க? வந்து குந்துங்க."

தாத்தாவுக்குப் பிறகு என்னை இப்படி யாரும் குந்தச் சொன்னதில்லை.

"இது யாரு குந்துற பெஞ்சும்மா?"

"கால் வலிக்கிறவங்க குந்துறது" என்று சிரித்துக் கூடையை நகர்த்துகிறாள்.

நான் பிறந்த தென்னாப்பிரிக்காவில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பெஞ்சுக்குப் பெஞ்சு பலகை வைத்திருக்கும். கரும்பு வெட்ட அனந்தபுரத்திலிருந்து அங்கே கப்பலேறியவர் தாத்தா. எங்கள் ஜனங்கள் போய் இறங்கி நூறு வருடம் கழித்து, போன வருடம், 1961-இல்தான் எங்களையும் அந்நாட்டவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அதே அரசாங்கம் இப்போது எங்கள் தெருவை வெள்ளையருக்கு ஒதுக்கிவிட்டு, எங்களைக் காலி செய்யச் சொல்கிறது.

உட்காருகிறேன். முதுகைச் சாய்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

அனந்தபுரம் பஸ் வருகிறது. அவள் கூடையோடு எழுகிறாள்.

"ஏறலியா? அடுத்த பஸ் சாயந்தரம்தான்."

"பரவால்லம்மா. அதுவரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."