சாமிக்கு எழுதிய கூலி

முதலாளி அன்று சொன்ன சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. "நாப்பது பொம்பளையளும் சேந்து நம்ம கம்பெனியத் தின்னுட்டு இருக்காளுவ" என்றார். உப்புக் கொட்டகையில் காலை ஏழு மணிக்குக் குத்தவைத்து உட்கார்ந்து, விரல் நுனி வெடித்து எரிய எரிய பாக்கெட் போடுகிற பெண்களைத்தான் அப்படிச் சொன்னார். தின்கிறார்களாம்!

அவருக்குப் பாக்கெட் போடும் மெஷின் வாங்க வேண்டும். அதற்கு பேங்க் கடன் வேண்டும். பெண்களை நிறுத்த ஒரு காரணமும் வேண்டும். கணக்கெழுதும் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சு வருசத்து ஆபரேட்டிங் இன்கம் எப்படி எறங்கிருக்குன்னு ஒரு பேப்பர்ல போடு. கூலிதான் காரணம், மெஷின் வந்தா சரியாயிரும்னு பேங்க்காரனுக்குப் பாத்ததும் தெரியணும்" என்றார்.

ஆபரேட்டிங் இன்கம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உப்பு விற்று வந்த பணத்தில், அந்தத் தொழிலை நடத்த ஆன செலவைக் கழித்தால் நிற்பது. வட்டி, வரி எல்லாம் அதற்கப்புறம். ஐந்து வருடத்தையும் வரிசையாகப் போட்டேன். விற்பனை வருடா வருடம் ஏறியிருந்தது, மிச்சம் இறங்கியிருந்தது. கூலிச் செலவு மட்டும் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. முதலாளி சொன்னது சரிதானோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

ஆனால் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கூலி ஐந்து வருடமாக ஒரு பைசா ஏறவில்லையே! சம்பள நோட்டில் கையெழுத்து வாங்குகிறவள் நான்தானே? மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தேன். பதினோரு மாதம் கூலி அடங்கிக் கிடந்தது. சித்திரையில் மட்டும் எகிறியது. முதலாளியின் குலசாமிக்குக் கொடைவிழா நடக்கிற மாதம் அது.

கொடைச் செலவும் கூலிக் கணக்கில்தான் ஏறியிருந்தது. அதை எழுதியதே நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு முன் கணக்கெழுதியவர், "இந்தக் கம்பெனில சாமியும் ஒரு பங்காளி. அவரும் நம்மகூட உழைக்காரு. அவருக்குக் குடுக்கத கூலிலதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அது மூட்டைக்குச் சில பைசா. சிரித்துக்கொண்டே எழுதினேன். பிறகு கொடைப் பந்தல், வில்லுப்பாட்டு, வாணவேடிக்கை, கடைசியில் கோயில் மண்டபத்துத் தூண்கள் வரைக்கும் கூலி என்றே எழுதியிருக்கிறேன். புத்தி எங்கே போயிற்று எனக்கு? முதலாளி தன் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது, பாக்கெட் போடுகிறவள் தலையில் விழுந்திருக்கிறது.

சாமி செலவை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மிச்சம் ஒரு வருடம்கூட இறங்கவில்லை. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "சாமி கணக்குல கை வைக்காதம்மா. குடும்பத்துக்கு ஆகாது."

"பேங்குக்கு நான் இதத்தான் குடுப்பேன் அண்ணாச்சி. பழசக் குடுக்கணும்னா வேற ஆளப் பாருங்க."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷின் பேச்சு அதோடு நின்றது. பெண்களின் வேலை தப்பியது. தப்பியதே அவர்களுக்குத் தெரியாது. கூலியையாவது கொஞ்சம் கூட்டுங்கள் என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். பாப்போமாம்! என்னத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது?

அடுத்த சித்திரையில் கொடை பார்க்க எல்லோரும் அந்தக் குலசாமி கோயில் இருக்கிற புதுக்கோட்டைக்குப் போனோம். மைக்கில் உபயக்காரர் பெயர்களை வாசித்தார்கள். மண்டபத்துத் தூண்கள் அத்தனையும் எங்கள் முதலாளி உபயம் என்று அவர் பெயரைச் சொன்னதும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த பாக்கெட்காரி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "மகராசன், நல்லா இருக்கணும்ளா" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தூணுக்கு ஆன பணத்த, உங்களுக்குக் குடுத்த கூலின்னு கணக்குல எழுதிருக்குக்கா. நான்தான் எழுதுனேன். அத வச்சுத்தான் உங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் பாத்தாரு" என்று கொட்டிவிட்டேன்.

கும்பிட்ட கையை அவள் மெல்ல இறக்கினாள். மைக்கில் இன்னும் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ எம் பேர ஏன்ளா வாசிக்கல?"