கால்குலேட்டரைப் போனுக்குக் குடிமாற்றிய கதை

ஒருவர் எழுதிய மென்பொருளை வேறொரு இயங்குதளத்துக்கு மாற்றிக் கொடுக்கிற தொழிலில் நல்ல பெயர் வாங்கவே முடியாது: ஓடினால் எழுதியவர் கெட்டிக்காரர், நின்றால் மாற்றியவர் கெடுத்துவிட்டார். இதே வேலையில் மாட்டிக்கொண்டு கழுத்துவலியோடு உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறேன். கல்லூரியில் படித்த காலத்தில், லினக்ஸ் கணினியில் ஓர் இன்ஜினியரிங் கால்குலேட்டர் எனக்குப் பழக்கமானது. முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் அதை எழுதி, உள்ளே இருக்கும் நிரல் உட்பட எல்லாவற்றையும் ஊருக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார். அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே வரியில் கலந்து அடித்தாலும் அலுத்துக்கொள்ளாமல் விடை சொல்லும். அதைச் செல்போனுக்கு மாற்றினேன். அப்போது நடந்தவைதான் இவை.

எந்த வருசத்து மாசம்?

பழனிசாமி அண்ணன் என் பெரியப்பா மகன். திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்கு பாடி கட்டுவார், கோழித்தீவன மில்களுக்குத் தொட்டி செய்து கொடுப்பார். மகளுக்குக் கல்யாணம் என்று அழைக்க வந்தவர், என் கணினியில் இந்தக் கால்குலேட்டர் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏழடி நாலு அங்குலத்தோட முப்பத்தெட்டு மில்லிமீட்டரைக் கூட்டுமா?" என்றார். அடித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பட்டறையில் அவர் தகட்டின் மேலேயே சாக்பீஸால் கணக்குப் போடுகிறவர். தகட்டைத் திருப்பிப் போட்டால் கணக்கு காணாமல் போய்விடும்.

"இது போன்ல வருமா அம்மிணி?" என்று கேட்டார். நிரல்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில், "ஒரு மாசத்துல முடிச்சுத் தர்றேங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் ஒரு முறையாவது சொல்லி அவதிப்படாதவர்கள் நம் தொழிலில் கிடையாது. திரையில் தெரியும் எதுவும் போனுக்கு ஒத்து வரவில்லை. பாதியை உடைத்துப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. நாலாவது மாதம் அண்ணன் போன் செய்தார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்: "ஒரு மாசம்னியே அம்மிணி, அது எந்த வருசத்து மாசம்?"

எந்த விரல் வேண்டும்

கணினியில் மௌஸின் முனை ஊசி போல இருக்கும், எவ்வளவு சின்னப் பட்டனையும் தொட்டுவிடும். போனில் விரல்தான். என் விரலுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பட்டறைக்காரர் விரல் அப்படி இருக்குமா? வீட்டில் அந்த ரகத்தில் இருந்த ஒரே கை என் வீட்டுக்காரருடையது. வருடக்கணக்காக ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல்கள். ஆள்காட்டி விரலில் பாதி நகம் கிடையாது. சைனை அழுத்தச் சொன்னால் காஸ் விழுந்தது. எட்டை அழுத்தினால் ஐந்து.

ஒவ்வொரு நாளும் பட்டனைக் கொஞ்சம் பெரிதாக்குவேன், அவர் டியூட்டி முடிந்து வந்ததும் அழுத்தச் சொல்வேன், தப்பாகும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஒருநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டில் ஈரம் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையையும் என் மேஜை மேல் நீட்டினார். "கழுவிட்டேன். இன்னைக்கு எந்த விரல் வேணுமோ எடுத்துக்கோ."

பட்டன், பட்டன், பட்டன்

பதினோரு மாதம் கழித்து ஒரு வழியாக வெளியிட்டேன். மூன்றாவது வாரம் நாமக்கல்லிலிருந்து மாதவி என்பவர் போன் செய்தார். சிவில் டிப்ளமோ படித்தவர். கணவர் வீடு கட்டித் தருகிறவர், அந்தக் கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்கும் கான்கிரீட் கணக்கும் போட்டுக் கொடுத்தது மாதவிதான். நான்கு வருடத்துக்கு முன் கண்ணில் வந்த நோயில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது போனில் விரல் படும் இடத்தை வாசித்துச் சொல்லும் வசதியை வைத்துத்தான் எல்லாம். "தப்பா நெனைக்காதீங்க. உங்க கால்குலேட்டர் என்கிட்ட ஒரே வார்த்தைதான் பேசுதுங்க. எங்க தொட்டாலும் பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். முடியவில்லை. பட்டன்களைப் படமாக வரைந்திருந்தேனே தவிர, ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை.

ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தேன். நல்ல தமிழாக இருக்கட்டும் என்று ஒரு பட்டனுக்கு 'நேர்மாறு சைன்' என்று வைத்ததைக் கேட்டு, "எங்க காலேஜ்ல இப்படி ஒருத்தரும் சொல்லலைங்க, சைன் இன்வர்ஸ்னே கூப்புடட்டுமுங்க" என்றார். விடையை மொத்தமாகச் சொன்னால் மனதில் நிற்கவில்லை, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்றார். அதையும் செய்தேன். ஆறு வாரம் ஆனது. புதுப் பதிப்பை அனுப்பிய மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து அழைப்பு. எடுத்ததும் சொன்னார்: "நாலு வருசமா எங்கூட்டுக்காரர் கணக்குப் போட்டு எனக்குச் சொல்லுவாருங்க. இன்னைக்கு நான் போட்டு அவருக்குச் சொன்னேனுங்க."

முக்கால் அடி

இனி என் தப்பு. கோணத்தை அளக்க டிகிரி என்று ஒரு முறை, ரேடியன் என்று ஒரு முறை. பட்டறையில் எல்லாம் டிகிரிதான். கால்குலேட்டரை முதல் தடவை திறந்தால் ரேடியனில் இருக்கும், ஒரு தரம் டிகிரிக்கு மாற்றினால் போதும், நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படித்தான் நான் நினைத்தேன். ஒருநாள் காலை பழனிசாமி அண்ணன், "நேரம் இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போ அம்மிணி" என்றார். குரலில் ஏதோ இருந்தது. அடுத்த பஸ் ஏறினேன்.

பட்டறைச் சுவரில் நான்கு தகடுகள் சாய்ந்து நின்றன. தீவன மில் தொட்டியின் சாய்வான அடிப்பக்கத்துக்கு வெட்டியவை. மூன்றடி உயரம், நாற்பத்தைந்து டிகிரி சாய்வு. தகடு நாலே கால் அடி இருக்க வேண்டும். நான்கும் மூன்றரை அடிதான் இருந்தன. போனை வாங்கி, கைப்பழக்கத்தில் டிகிரியைத் தட்டிவிட்டு நானே கணக்குப் போட்டேன். நாலே கால் வந்தது. குழம்பிப்போய், "அன்னைக்கு என்னென்ன பண்ணினீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கண்ணா" என்றேன். டிகிரியில் வைத்து உயரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது ஈரோட்டிலிருந்து மாப்பிள்ளை அழைத்திருக்கிறார். மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் பேசிவிட்டு, மீண்டும் கால்குலேட்டரைத் திறந்து கணக்கை முடித்திருக்கிறார்.

எனக்கு விளங்கிவிட்டது. லினக்ஸ் கணினியில் வேலை முடிந்ததும் கால்குலேட்டரை நாமே மூடுவோம். மூடும்போது அது அமைப்புகளை எழுதி வைக்கும். போனில் யாரும் எதையும் மூடுவதில்லை. வேறு வேலை வந்தால் போனே அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும், எழுதி வைக்க அவகாசம் கிடைக்காது. திரும்பத் திறந்தபோது பழையபடி ரேடியன். ரேடியனில் நாற்பத்தைந்தின் சைன் பார்வைக்குச் சரி போலவே இருக்கும் ஓர் எண், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "முழுக்க என் தப்புங்கண்ணா" என்றேன். அவர் தகடுகளை ஒரு பார்வை பார்த்தார். லாரி டூல்பாக்ஸுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றார். பிறகு என் தோளைத் தட்டினார். "பேத்தி பொறந்த சந்தோசத்துல நானும் பாக்கலை, உன்ற கால்குலேட்டரும் பாக்கலை. உடு அம்மிணி, உள்ள வந்து இனிப்பு எடுத்துக்க."

அது அப்படித்தான்னு நெனச்சேன்

லட்டு கையில் இருக்கும்போதே மாதவியின் நினைவு வந்தது. கான்கிரீட் தளத்துக்குள் போகிற கம்பியையும் நாற்பத்தைந்து டிகிரியில்தான் வளைப்பார்கள். அந்த நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்வது அவர். அங்கேயும் இப்படி ஆகியிருந்தால்? தகட்டை டூல்பாக்ஸ் ஆக்கலாம். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை என்ன செய்வது? பட்டறை வாசலுக்கு ஓடி வந்து போன் செய்தேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, இதுவரை போட்ட கணக்கையெல்லாம் சரிபார்க்கச் சொன்னேன்.

மறுபக்கம் நிதானமாக இருந்தது. "பயப்படாதீங்க. எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்றார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் கண்ணெல்லாம் திரையின் மூலையில் 'ரேடியன்' என்று காட்டும் பொடி எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது, அவர் காது தாண்டவில்லை. "தொறந்ததும் ரேடியன்னு அதுவே சொல்லிப் போடுதுங்களே. நான் ஒவ்வொருக்காவும் டிகிரிக்கு மாத்திக்குவேன். அது அப்படித்தான்னு நெனச்சு உட்டுட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கோணுமுங்களா?"

கரண்ட் போகாத ஊர்

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் உடனுக்குடன் எழுதி வைக்கும்படி திருத்தினேன். விடைக்குப் பக்கத்திலேயே 'டிகிரி' என்று பெரிதாக வரும்படியும் செய்தேன். பிறகு அந்த வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன். பாலங்கள் வடிவமைத்து ஓய்வு பெற்றவராம். உங்கள் நல்ல மென்பொருளை என் கவனக்குறைவால் கெடுத்துவிட்டேன், நான்கு தகடுகள் வீணாகிவிட்டன என்று ஒளிக்காமல் எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. என் கடிதத்தைப் படித்ததும், கால்குலேட்டரை டிகிரிக்கு மாற்றி, அதை மூடாமலே தன் கணினியின் மின்வயரைப் பிடுங்கிப் பார்த்தாராம். மறுபடி போட்டுத் திறந்தால் அங்கேயும் ரேடியன். அவர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: "எங்கள் ஊரில் கரண்ட் போவதில்லை. அதனால் இந்தத் தவறு இத்தனை காலமும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இது உங்கள் தவறு அல்ல, என்னுடையது. உங்கள் திருத்தத்தை அனுப்புங்கள், கண்டுபிடித்தவர்களின் பெயரையும்."

பெயர்ப் பட்டியல்

மாதவி தன் பெயரைப் போட ஒப்புக்கொண்டார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று போனை வாசிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டுக்கொண்டார். பழனிசாமி அண்ணன்தான் மறுத்தார். தகட்டைத் தப்பாக வெட்டியதற்கெல்லாமா பெயர் போடுவார்கள் என்று கூச்சப்பட்டார். நான் விடவில்லை. அடுத்த நாள் அவரே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். அதை அந்த வெளிநாட்டுப் பெரியவருக்கு எழுதி அனுப்பினேன், அவரும் அப்படியே செய்துவிட்டார். அண்ணன் சொன்னது இதுதான்: "என்ற பேரு எதுக்கு? பேத்தி பேரைப் போடு. அவ பொறந்ததுனாலதானே அம்மிணி கண்டுபுடிச்சோம்."

மொத்தத்தில், தப்பாமல் கணக்குப் போடுகிற ஒரு மென்பொருளை மாற்றப் போய், நாள், ஆள், வேலை என்று நான் போட்ட கணக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை, அதற்காக எனக்கு இதுவரை வருத்தமும் வரவில்லை.