காப்பி ஆறும்வரை ஜெபம்

பீளமேட்டுத் தெபொராள் ஜெபத்தை ஆரம்பித்தால், அடுப்பில் வைத்த பருப்பு வெந்தே இறங்கிவிடும் என்று சபையில் பேச்சு. எல்லாம் பக்தி என்று நினைத்தார்கள். பக்தி இல்லை என்று யார் சொன்னது? ஆனால் முதல் காரணம் சர்க்கரை.

வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிப்பது அவளுக்குச் சபை கொடுத்த வேலை. பதினேழு வருஷமாக அதுதான் அவளுக்கு உயிர். வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப எந்த வீட்டுக்கு மனசு வரும்? ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஆறு காப்பி, கூடவே கேசரி, வெல்லக் கச்சாயம். "உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற ஊடுங்க, சுத்தமா வெச்சுக்கோணும்" என்று போதித்துவிட்டு, அதே வாயில் கச்சாயத்தைப் போட்டுக்கொள்வாள். 1994-ல் டாக்டர் அவளுடைய ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்தார். "மூணு மாசத்துல இது இறங்கலைன்னா ஊர் சுத்தறதை விட்டுட்டு வீட்டோட இருங்க. கால் முக்கியம்" என்றார்.

சர்க்கரை வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பாருங்கள்! ஆசையாகக் கலக்கி வந்த அம்மாளின் முகம் சுண்டிப்போகும். அதோடு, அடுத்தவர் சுகத்துக்கு ஜெபிக்கிறவளுக்கே வியாதி என்றால் யார் மதிப்பார்கள்? அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காப்பி வந்ததும் கண்ணை மூடுவது, அது ஆறும்வரை ஜெபிப்பது. ஆறின காப்பியை யார் குடிக்கச் சொல்லப்போகிறார்கள்?

யாரும் சொல்லவில்லை. "அடடா, ஆறிப்போச்சுங்களே!" என்று உள்ளே ஓடி, சூடாக இன்னொன்று கொண்டுவந்தார்கள், சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாக. போதாததற்கு நீள ஜெபத்தின் பெயர் பரவி ஆறு வீடு ஒன்பதானது. சரவணம்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இரண்டாம் மாதம் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனாள். தோட்டம் காடு உள்ள கவுண்டர் வீட்டம்மாள். மாரியம்மனையும் விடமாட்டார், தெபொராளின் ஜெபத்தையும் விடமாட்டார். வழக்கம்போல இரண்டு டம்ளர் காப்பி வந்தது. தெபொராள் கண்ணை மூடினாள். மில்லுக்காக, மழைக்காக, மாடு கன்றுக்காக, உலக சமாதானத்துக்காக ஜெபித்தாள். ஆவி நின்றதா என்று பார்க்க ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

மயிலாத்தாள் ஜன்னல் வழியே கையை நீட்டித் தன் காப்பியைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா!"

மயிலாத்தாள் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, ஜெபத்துல கண்ணைத் தொறக்கலாமுங்களா?"

"நீங்க என்னுங்க பண்றீங்க?"

"எனக்குச் சக்கரை அம்மணி, நாலு வருசமா. அதுக்காக, வந்தவங்களை ஒத்தையாக் குடிக்க உடறது மரியாதைங்களா? நீங்க நீளமா ஜெபிக்கறது ஊத்தறதுக்குத் தோதாப் போச்சு."

தெபொராளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பிறகுதான் அந்தச் சொல்லும் வெளியே வந்தது. "எனக்குந்தானுங்க அக்கா." இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

மயிலாத்தாள் மோர் விட்ட கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்தார். தெபொராள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, நன்றி. ஆமென்."

"அவ்வளவுதானுங்களா?"

"இதை நெசமாவே குடிக்கப் போறேனுங்க அக்கா."

மறுநாள் முதல் வாசலிலேயே சொல்லிவிட்டாள், தனக்குச் சர்க்கரை என்று. ஒன்பது வீட்டில் நாலு வீட்டம்மாக்கள் "எனக்குந்தானுங்க!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பி போய் எல்லா வீட்டிலும் மோர் விட்ட கூழ் வந்தது. மூன்றாம் மாத ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "நல்லாச் சுத்துங்க" என்றார்.

இப்போது சபையில் அவள் மேல் ஒரே குறை, ஜெபம் ரொம்பச் சுருங்கிவிட்டதாம். பசியோடு உட்கார்ந்து, கூழைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அவள் இன்னும் எத்தனை நேரம்தான் ஜெபிப்பாள்?