பேனல் துடைக்கப் போன டிசைனர்

ஆபீஸில் எல்லோரும் அவரை டிசைனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தொட்ட வயது. மிக்ஸி மூடி, ஃபேன் கப், வாஷிங் மெஷின் கதவு என்று அடுத்தவர் வீட்டுக்குள் போய்ச் சேரும் சாமான்களை வரைந்து கொடுத்தே காலத்தை ஓட்டியவர். ஒரு மூடி எப்போது உடையும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். வேறு எதைக் கேட்டாலும் யோசிப்பார். கல்யாணம் தள்ளிப் போய், தள்ளிப் போய், கடைசியில் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சாகிவிட்டது. தம்பி குடும்பத்தோடு ஒரு அடுக்குமாடி வீட்டில், பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தார்.

சோலார் பேனல்களில் படியும் தூசியைத் துடைக்க ஒரு ரோபோ செய்து தருகிறோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது. பேனல்கள் இருந்த இடம் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, பஸ்கூடப் போகாத பொட்டல்வெளி. யாராவது அங்கேயே தங்கி வேலை பார்த்தால்தான் சரிவரும் என்றார் மேனேஜர். ஒருவருக்கு மனைவி மாசமாக இருந்தாள். இன்னொருவருக்குப் பிள்ளையின் பரீட்சை. மூன்றாமவருக்கு அப்பாவின் கண் ஆபரேஷன். ஆளாளுக்கு ஒன்று சொல்லி முடித்தபோது அத்தனை பார்வையும் டிசைனர் மேல் வந்து நின்றது. தன்னிடமும் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று அவர் மனசுக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் கையில் அகப்படவில்லை. சரி என்றார்.

வீட்டில் சொன்னபோது தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டான். தம்பி மனைவி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். காலேஜுக்குப் போகும் தம்பி மகளும் அங்கே நின்றிருந்தாள். அவள் பார்வை பால்கனி அறைக்குள் போய், நான்கு சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி பெட்டியைக் கட்டினார்.

அங்கே அவருக்குக் கொடுத்தது ஒரு கன்டெய்னர். ஒரு கட்டில், ஒரு நீள மேஜை, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்த ஒரு ஃபேன். கதவைத் திறந்தால் வரிசை வரிசையாகப் பேனல்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல நின்றன. தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை. துண்டை உதறி மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் உதற வேண்டும். பல்லில் நறநறக்கும். குடிக்கிற தண்ணீரை மூடாமல் வைத்தால் மேலே ஒரு ஆடை கட்டிவிடும்.

பேனல்களை அதுவரை கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஆறு பெண்கள். டேங்கர் லாரியோடு காலையில் வருவார்கள். நீளக் கம்பில் கட்டிய பிரஷும் குழாயுமாக வரிசையாகக் கழுவிக்கொண்டே போவார்கள். ஒரு கோடியில் முடிக்கும்போது மறு கோடி பழையபடி ஆகியிருக்கும். அவர்களில் மூத்தவளை மற்றவர்கள் பெரியக்கா என்பார்கள். குரல் அந்தப் பொட்டலுக்கே போதும். மத்தியானம் பேனல்களுக்கு அடியில் விழும் நிழலில் டப்பாக்களைத் திறந்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல் நாளே பெரியக்கா அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் போனார். என்ன படிச்சீங்க, வீட்ல எத்தனை பேர், இன்னும் ஏன் ஒண்டிக்கட்டை என்று வரிசையாகக் கேள்வி. ஒருத்தி, சாருக்கு ஏத்த மாதிரி எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, ஆனா அவங்க வாய் மூடாம பேசுவாங்க, பரவாயில்லையா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ரோபோ என்றதும் கை கால் முளைத்த பொம்மையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் வரைந்தது ஒரு நீளமான சட்டம். பேனலின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை குறுக்காகப் படுத்திருக்கும். இரண்டு முனையிலும் மோட்டார் வைத்த சக்கரம், நடுவில் முறுக்கு முறுக்காக நைலான் முடி வைத்த உருளை பிரஷ். பிரஷைச் சுழற்றிக்கொண்டே அந்தச் சட்டம் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர வேண்டும். தண்ணீரே கூடாது. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் தடவை விடிகாலையில் ஓட்டினார். வெயில் ஏறுவதற்குள் துடைத்துவிட்டால் மின்சாரம் வீணாகாதே என்று கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் கண்ணாடியெல்லாம் பனி ஈரம். பிரஷ் தூசியையும் ஈரத்தையும் சேர்த்துக் குழைத்து, சுவருக்குப் பூச்சு வேலை செய்வதுபோலப் பூசிவிட்டுப் போனது. அன்றைக்கு அந்த வரிசையைக் கழுவப் பெண்களுக்கு இரண்டு மடங்கு நேரமாயிற்று. இது என்ன மெஷின் சார் என்று பெரியக்கா கேட்டாள். சும்மா ஒரு சோதனை என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு அந்த வார்த்தை உறுத்தியது. சோதனை பலித்தால் டேங்கர் வராது. டேங்கர் வராவிட்டால் இந்த ஆறு பேருக்கும் இங்கே வேலை இல்லை. இது அவருக்கு வரும்போதே தெரியும்தான். ஆனால் ஆபீஸ் மேஜையில் தெரிந்தது வேறு, எதிரே உட்கார்ந்து தன் டப்பாவிலிருந்து ஒரு கை எடுத்து வைக்கிறவள் முகத்தைப் பார்த்தபடி தெரிவது வேறு. மறுநாள் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் ஆபீஸிலிருந்து போன் வரும் என்றார். பிறகு அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கன்டெய்னர் கதவைச் சாத்திக்கொண்டு மேஜையில் வைத்துச் சாப்பிடுவார். சிரிப்புச் சத்தம் தகரத்தைத் தாண்டி உள்ளே வரும்.

ஈரத்துக்கு வழி கிடைத்தது. காலையை விட்டுவிட்டு, சூரியன் சாய்ந்ததும் ஓட்டினால் தூசி காய்ந்து உதிர்கிற பதத்தில் இருந்தது. ஆனால் அடுத்த தொல்லை பெரிது. கீழ்ச்சக்கரம் வேகமாகவும் மேல்சக்கரம் தூசியில் வழுக்கிக்கொண்டும் போக, சட்டம் கோணிக்கொண்டு நின்றது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் டிராயர் மாட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. மோட்டாரை மாற்றினார், சக்கரத்தை மாற்றினார், ரப்பரை மாற்றினார். எதற்கும் மசியவில்லை. கோணிய சட்டத்தைத் தோள் கொடுத்து நிமிர்த்தி நிமிர்த்தியே தோளில் தழும்பு விழுந்தது. போனில் மேனேஜர் குரல் நாளுக்கு நாள் மரியாதையாக ஆகிக்கொண்டே வந்தது. அது நல்லதுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் துவைத்த சட்டையை ஹேங்கரில் மாட்டி, கன்டெய்னருக்கு வெளியே கட்டிய கம்பியில் தொங்கவிட்டு, வெயில் பக்கமாகத் தள்ளினார். ஹேங்கர் முன்னால் போயிற்று. சட்டையின் கீழ்ப்பகுதி கொஞ்சம் பின்தங்கி, ஆடி, பிறகு தானாக நேராகத் தொங்கியது. மறுபடியும் தள்ளிப் பார்த்தார். மறுபடியும். மேலே மட்டும் இழுத்தால் போதும், கீழே இருப்பதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். பேனல் சரிவில் சட்டத்தின் எடையே அதை நிமிர்த்திவிடும். கீழ்முனையில் இருந்த மோட்டாரைக் கழற்றி எறிந்தார். மேல்முனையில் ஒரு கீல் வைத்தார். இத்தனை மாதம் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த தன் புத்தியை நினைத்து வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

அது ஓடிய சாயங்காலம் அங்கே யாரும் இல்லை. பெண்கள் லாரி ஏறிப் போயிருந்தார்கள். சட்டம் மெல்ல நகர்ந்தது, கொஞ்சம் கோணியது, தானே நிமிர்ந்தது, மறுபடி நகர்ந்தது. பிரஷிலிருந்து தூசி புகைபோலக் கீழே இறங்கிற்று. பின்னால் கண்ணாடி கருநீலமாக, ஈரம் இல்லாமலே ஈரம்போலப் பளபளத்தது. கோடி வரை போய், தொட்டு, திரும்பி வந்தது. அவர் கூடவே நடந்தார்.

தம்பிக்குப் போன் போட்டார். ஏதோ விசேஷ வீட்டில் இருந்தான். பின்னால் ஒரே கூச்சல். "அண்ணா, ஒண்ணும் கேக்கல. நல்லாத்தானே இருக்கீங்க? அப்புறமா பேசறேன்." மேனேஜருக்குப் போட்டார். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் அவர். அனுப்பினார். கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் பதிலாக வந்தது. அதற்கு மேல் யாருக்குப் போன் போடுவது என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார். வாஷிங் மெஷின் கதவு வாங்கிய ஆள், கேஸ் சிலிண்டர் கொடுக்கிற ஆள், பல் டாக்டர். போனைப் பையில் போட்டுவிட்டு, சூடு ஆறாத மோட்டார் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த வாரம் மேனேஜர் நேரில் வந்து பெண்களைக் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். டிசைனர் கன்டெய்னருக்குள் இருந்தார். சத்தம் வரும், கல் வரும், என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டப்பட்டது. பெரியக்கா நின்றிருந்தாள்.

"இதைத்தான் இத்தனை நாளா சோதனைன்னு சொன்னீங்களா?"

டிசைனர் தலையை ஆட்டினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார். இந்த வெயில்ல கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னு நாங்க என்ன வேண்டிக்கிட்டா வந்தோம்? என் முட்டி ரெண்டும் போச்சு. பேக்கிங் கம்பெனில ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க விட்டுட்டுப் போனா மரியாதையா இருக்காதேன்னுதான் இழுத்துக்கிட்டிருந்தேன்."

"அப்போ உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபம் இருக்கு," என்றாள் பெரியக்கா. "கூப்பிடக் கூப்பிட சாப்பிட வராம கதவைச் சாத்திக்கிட்டீங்களே, அதுக்குத்தான். எங்களுக்குள்ள என்னென்னவோ பேசிக்கிட்டோம். நம்ம டப்பா பிடிக்கல போலன்னு ஒருத்தி அழுதேவிட்டா."

எல்லோரும் அப்படியில்லை. அவர்களில் ஒல்லியாக, அதிகம் பேசாத ஒருத்தி விடைபெற வரவே இல்லை. பேக்கிங் கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்து போக வசதிப்படாது என்று பிறகு கேள்விப்பட்டார். லாரி கிளம்பும்போது அவள் மட்டும் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கையசைத்தார்கள்.

அதன் பிறகு பொட்டல் முழுக்க அவருடையதாயிற்று. பட்டறையிலிருந்து ரோபோக்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. சாயங்காலமானால் வரிசைக்கு ஒன்றாக ஊர்ந்தன. பகலில் அவருக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் கதவைத் திறந்தே வைத்துச் சாப்பிட்டார். உள்ளே வர எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நாள் சாமான் கொண்டு வந்த டிரைவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தவருக்குக் குரல் கட்டியிருந்தது. கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்தார்.

லீவு எடுத்துத் தம்பி வீட்டுக்குப் போனார். பால்கனி அறையில் தம்பி மகளின் மேஜை, அலமாரி, சுவரெல்லாம் படங்கள். பெரியப்பா நீங்க உள்ள படுங்க, நான் ஹால்ல படுத்துக்கறேன் என்று அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். வேண்டாம் என்று ஹாலில் படுத்துக்கொண்டார். காலையில் அவர்கள் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் குளித்து, சாப்பிட்டு, சாவி எடுத்துக் கிளம்பிய வேகத்தைப் பார்த்தபடி, பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். சொன்ன நாளைக்கு முன்பே திரும்பிவிட்டார்.

வழியில் பேக்கிங் கம்பெனி வாசலில் இறங்கினார். பெரியக்கா தலையில் வலைத் தொப்பியோடு ஓடி வந்தாள். ஆள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். ரோபோ எப்படி இருக்கு என்று, ஏதோ அவர் பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரித்தாள். பாதி டீயில் மணி அடித்தது. "இளைச்சுட்டீங்க சார். அந்த இடத்துல ஒத்தையில கிடக்காதீங்க, மனுஷனுக்கு ஆகாது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

திரும்பியதும் மேனேஜருக்குப் போன் போட்டு, ஆளை மாற்றி அனுப்பச் சொன்னார். மேனேஜர் சிரித்தார். "நீங்க தனி ஆளுதானே, உங்களுக்கு என்ன அவசரம்?"

"தனி ஆளுங்கிறதாலதான் சார் கேக்கறேன்," என்றார் டிசைனர். "குடும்பம் இருக்கிறவன் இங்க வந்து இருந்தா, திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இருக்கும். எனக்கு இதுவே வீடாயிடும்போல இருக்கு. பயமா இருக்கு."

பத்து வருஷப் பழக்கத்தில் அவர் மேனேஜரிடம் பயம் என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பார்க்கலாம் என்றார் மேனேஜர். பார்த்துப் பார்த்து, வெயில் காலம் முடிகிற சமயத்தில் முறை போட்டு ஆட்களை அனுப்ப ஏற்பாடாயிற்று. மனைவி மாசமாக இருந்தவருக்குத்தான் முதல் முறை வந்தது. இப்போது குழந்தை தவழ்கிறதாம். கன்டெய்னர் சாவியைக் கொடுத்து, கீலுக்கு எண்ணெய் போடுவதை மட்டும் மறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு டிசைனர் ஜீப்பில் ஏறினார்.

தம்பி வீட்டுக்கு அவர் போகவில்லை. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை பிடித்தார். தம்பி கோபித்துக்கொண்டான், பிறகு அவனே வந்து ஃபேன் மாட்டிக் கொடுத்தான். மற்றபடி யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன. ஆனால் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாம் வரிசையைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கியது. அதன் அம்மா ஏதோ அதட்டினாள். பிறகு குளியலறையில் யாரோ சுருதி சேராமல் பாடினார்கள். டிசைனர் விளக்கைப் போடாமல், கட்டிலில் மல்லாந்து படுத்தபடி அதை முழுவதும் கேட்டார்.