ஆளைப் பற்றிப் பேசாத கடை

அளவுக்காரியின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஆறடி நீளம், ஐந்தடி அகலம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முதல் தடவை குனியாதவர்கள் மறு தடவை சொல்லாமலே குனிவார்கள். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு திரை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் அந்தத் தெருவில் ராஜ்ஜியம் நடத்தினாள். சுற்றிலும் எத்தனையோ பெரிய கடைகள் விளக்கும் வெளிச்சமுமாக வந்தன, இருந்த சுவடு தெரியாமல் போயின. அவள் அசையவே இல்லை.

சின்னதாக ஏதாவது தொழில் செய்யலாமா என்று நினைக்கிற பெண்கள் அவளிடம் யோசனை கேட்க வருவார்கள். மெஷினை நிறுத்தாமலே சொல்வாள்.

"எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. நான் புதுசு தைக்கறதே இல்ல. பிடிக்கறது, பிரிச்சு விடறது, நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது. அவ்ளோதான் என் கடை."

புதுத்துணியோடு வருகிறவர்களை எதிர்க்கடை டெய்லரிடம் அனுப்பிவிடுவாள். அவர் தன்னிடம் வருகிற பழசையெல்லாம் இவளிடம் தள்ளிவிடுவார். பதினாறு வருஷத்தில் இருவருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

"வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை தரணும். முடியாதுன்னா வாங்கும்போதே முடியாதுன்னு சொல்லிடணும். மூஞ்சிக்காகத் தலையாட்டினா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

வெட்டி எடுத்த துண்டுத் துணியையும் மடித்து உடுப்போடு வைத்துக் கொடுப்பாள். அவர்கள் துணி, அவர்களுக்குத்தானே போக வேண்டும்.

இதெல்லாம் சரி. நாலாவதாக ஒன்று சொல்வாள் பாருங்கள், அதுதான் பாழாய்ப் போனது. "துணியைப் பத்திப் பேசுங்க. ஆளைப் பத்திப் பேசாதீங்க."

அது அவள் சரக்கு அல்ல, அக்காவுடையது. கடை திறந்த முதல் வருஷம், இடுப்பைப் பிரித்து விடச் சொல்லி வந்த ஒரு அம்மாளிடம், "கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டீங்களே" என்று இவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் உடுப்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனதோடு, அவளைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரும் கடைப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு அக்காதான் வந்து காய்ச்சி எடுத்தாள்.

"உனக்கு வாய் சும்மா இருக்காதாடி? ஒருத்தி குண்டானா அவளுக்குத் தெரியாதா, நீ வேற சொல்லணுமா? கண்ணாடியே கம்முனு இருக்கு. நீயும் கம்முனு இரு."

அக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கவுன்டரில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் ஜனங்களோடு மல்லுக்கட்டுகிறவள், அவளுக்குத் தெரியாதா? தங்கைக்கு இந்தப் படிக்கட்டு மூலையைப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். துடைப்பமும் வாளியும் போட்டு வைத்திருந்த இடத்தை, கட்டடத்துச் சொந்தக்காரரிடம் மூன்று நாள் வாயாடி வாங்கினாள். அதனால் அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது. அளவுக்காரி அன்றிலிருந்து வாயைத் தைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் கடைக்கு நல்ல பெயர் வந்தது என்பதும் உண்மை. பிள்ளை பெற்றவள், பட்டினி கிடந்து இளைத்தவள், கவலையில் கரைந்தவள் எல்லோரும் வந்தார்கள். யாரையும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப்பைச் சுற்றுவாள், எண்ணை நோட்டில் குறிப்பாள், கிழமை சொல்வாள்.

ஒருநாள் அக்கா தன் சீருடைப் பேன்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "லூசா இருக்குடி, கொஞ்சம் பிடிச்சுக் குடு." முப்பத்தாறில் இருந்த இடுப்பு முப்பத்துநாலு காட்டியது. பிடித்துக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தாள். முப்பத்திரண்டு. அக்கா திரைக்குப் பின்னால் போகாமல் கண்ணாடி முன்னாலேயே நின்றுகொண்டு, "என்னடி, அளவு என்ன சொல்லுது?" என்றாள். "முப்பத்திரண்டு" என்றாள் இவள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கண்ணாடியில் தெரிந்த தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா? பார்த்தாள். விரல் நுனியில் அக்காவின் விலா எலும்பு தட்டியது. ஏதோ டயட் இருக்கிறாள் போல, சொல்ல வேண்டுமென்றால் அவளே சொல்லுவாள், வாயில்லாப் பூச்சியா அவள் என்று நினைத்துக்கொண்டாள். அட, கூடப் பிறந்தவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? பதினாறு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து வைத்திருந்தது.

நாலாம் தடவை இருபத்தொன்பது. இவ்வளவு பிடித்தால் பேன்ட்டின் பின்பக்கத்து இரண்டு பாக்கெட்டுகளும் நெருங்கி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பார்த்த மாத்திரத்தில் இது யாரோ பெரிய உடம்புக்காரரின் உடுப்பு என்று தெரிந்துவிடும். அளவுக்காரி விடுவாளா? இரண்டு பாக்கெட்டையும் பிரித்து எடுத்து, ஓரத்தைக் குறைத்து, தள்ளி வைத்துத் தைத்தாள். சட்டையில் கையைக் கழற்றி, தோளைக் குறுக்கி, திரும்பக் கையை ஏற்றினாள். இரண்டு செட்டுக்கும் முழுசாக இரண்டு நாள் வேலை. போட்டுக்கொண்டு அக்கா கண்ணாடி முன் நின்றபோது எல்லாம் அளந்து வைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. தன் வேலையைப் பார்த்து அளவுக்காரிக்கே பெருமையாகப் போய்விட்டது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது அவளுக்கு.

அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போகிறவர். மகன் வெளியூரில். ஆபீஸில் கூட வேலை செய்தவர்களுக்கு உடுப்பு சரியாக இருந்தது; உடுப்பு சரியாக இருந்தால் ஆளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அடுத்த மாதம் கவுன்டரிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். எங்கெங்கோ பரவிவிட்டது என்றார்கள். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, அளவுக்காரியின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, சொன்ன கிழமையில் கொடுக்காமல் கடையைப் பூட்டிவிட்டு அளவுக்காரி ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆஸ்பத்திரிச் சட்டைக்குள் அவள் இருக்கிற இடமே தெரியவில்லை.

"உன் தையல் பிரமாதம்டி" என்றாள் அக்கா. "ஆபீஸ்ல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல."

"அப்படிச் சொல்லாதக்கா."

"நெசமாத்தான் சொல்றேன்." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் நீ கேப்பேன்னுதான் வந்தேன். பேன்ட்டுக்கு பெல்ட் போட்டா போதாதா எனக்கு? நீ ஒரு வார்த்தை கேட்டா அழுதுட்டே சொல்லிடலாம்னு வருவேன். நானா வாயத் திறந்து சொன்னா, அது நெசமாயிடும்னு பயம்."

"நீதானேக்கா சொன்னே, ஆளைப் பத்திக் கேக்காதேன்னு..."

"கஸ்டமர்கிட்ட கேக்காதேன்னு சொன்னேன்." அக்காவுக்குக் கோபம் வந்தது, அந்த உடம்பில் அவ்வளவு கோபம் எங்கே இருந்ததோ. "நான் உனக்குக் கஸ்டமராடி?"

அளவுக்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள். அக்காவுக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது.

"சரி, மூக்கைத் துடை" என்றாள். "இப்பவாவது கேளு."

இப்போது கேட்டு என்ன ஆகப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அளவுக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"ஏங்க்கா இப்படி மெலிஞ்சுட்ட? என்னக்கா பண்ணுது உனக்கு?"

அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல்முதலாகச் சாப்பாடு இறங்காமல் போன நாள், டாக்டர் வாசல்வரை போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிய நாள், தனியாகப் படுத்துப் பயந்தது எல்லாம். சாயங்காலம் நர்ஸ் வந்து போதும் என்று சொல்லும்வரை சொன்னாள். அளவுக்காரி குறுக்கே ஒன்றும் பேசாமல், அப்புறம், அப்புறம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.