புல் வைத்து மூடிய இடம்

இது நடந்தது. சத்தியம். எட்வின் என்பவனை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்புகிறேன். காரணம் கடைசியில்.

எட்வினுக்கு ராஜபாளையத்தில் ட்ரோன் படம் எடுக்கிற தொழில். நூறு வருஷத்துப் பழைய பூங்காவைப் புதுப்பிக்கும் வேலையை கான்ட்ராக்டர் பாண்டிதுரை எடுத்தபோது, வாராவாரம் மேலிருந்து படம் எடுத்துக் கொடுத்தவன் இவன்தான். போன வருஷம் ஒரு காலை, பூங்காவின் பழைய சுவர் சரிந்து, பெருக்குகிற குருவம்மாள் செத்துப்போனாள். அவள் வேலைக்கு வந்தவளே இல்லை, சும்மா விறகு பொறுக்க வந்தவள் என்று சாதித்தார் பாண்டிதுரை. ஆனால் சுவர் விழுவதற்குப் பத்து நிமிஷம் முன்பு, சரியாக 6.40க்கு எட்வின் எடுத்த படத்தில், அவள் விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

“ஏலே எட்வினு, இந்தப் பொம்பளைய அழிச்சிரு. புல்லு வச்சு மூடிரு.”

மூடினான், பாவி. பக்கத்துப் புல்லை நகலெடுத்து அவள்மேல் ஒட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் குடும்பத்தின் பேச்சு எங்கேயும் எடுபடவில்லை.

போன மாதம், பூங்கா திறப்புக்குப் படம் வேண்டுமென்று மறுபடி கூப்பிட்டார்கள். காலை 6.30. மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. ட்ரோன் ஏறியது. திரையில் மேற்கு மலை, தெருக்கள், நடுவில் பூங்கா... புல்வெளியில் ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எட்வின் நிமிர்ந்து பார்த்தான். புல்வெளி காலி.

சரக்... சரக்...

6.36. திரையில் அவள் அவனை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டாள். ட்ரோனை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை.

சரக்...

6.39. திரையில் அவனுடைய உச்சந்தலை. அதை ஒட்டி இன்னொரு தலை.

6.40.

“நான் வேலைக்கு வந்திருந்தேன்லா, தம்பி?”

காதோரம்...

“என்னைய மூடுனேல்லா? இனி உன்னைய மூடுதேன்.”

க்ளிக்.

அவன் பட்டனைத் தொடவே இல்லை.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினான். மனைவி கிருபாபாய் கதவைத் திறந்தாள்.

“யாரு வேணும் உங்களுக்கு?”

அவளுக்குப் பின்னால் சுவரில் கல்யாணப் படம். அவள் மட்டும் நின்றாள். பக்கத்தில் புல்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லி அழுதான். பத்தாவது வரை நாங்கள் ஒரே பெஞ்சாம். பைத்தியம் என்றுதான் நினைத்தேன். அவன் போனதும், பள்ளிக்கூட குரூப் போட்டோவைத் தேடி எடுத்தேன்.

என் பக்கத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு, பச்சைப் புல்.