கை அழுக்காகுமுன் போட்ட சரி

எங்கள் முகாமையாளர் எண்ணெய் பட்ட சரிபார்ப்புத் தாளை வாங்கமாட்டார். ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் இரத்மலானையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம்: கை சுத்தமாக இருக்கும்போதே அந்தத் தாளிலுள்ள வேலைப் பட்டியலின் எட்டு வரிகளுக்கும் சரி போட்டுவிடுவது, பிறகு வேலையைத் தொடங்குவது. பட்டியலை எழுதியவள் நான். நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

அந்தச் சனிக்கிழமை தண்ணீர்ப் பம்பின் கப்ளிங்கை மாற்றினேன். மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் இணைக்கும் இரண்டு இரும்பு வட்டுகள். இடையில் ரப்பர் உறை போட்ட ஆறு போல்ட்டுகள். தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் பல வருடம் உழைக்கும். கொஞ்சம் விலகினாலும் ரப்பர் தேயத் தொடங்கும். அளந்து நேராக்கினேன். இரண்டு வரிகள் மிச்சம். ஏழாவது, குழாய்க்காரர் குழாய்களை இறுக்கிய பின் மறுபடி அளப்பது. இறுக்கும்போது குழாய் பம்பை இழுத்துவிடக்கூடும். எட்டாவது, கப்ளிங்குக்கு மேல் இரும்பு மூடியைப் பூட்டுவது. மூடியின் பெயின்ட் இன்னும் காயவில்லை. குழாய் வேலை திங்கட்கிழமைதான் முடியும் என்று நினைத்து, எட்டுச் சரிகளும் போட்ட தாளை சுவிட்ச் பெட்டியில் செருகிவிட்டு வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்கு ரயிலேறினேன்.

கல்கிசையை நெருங்கும்போது பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் கொட்டாஞ்சேனைக்கார அண்ணாவின் குரல்பதிவு வந்தது.

"மிஸ், குழாய்க்காரர் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. உங்கட தாளைப் பார்த்தன், எல்லாம் சரி போட்டிருக்கு. பம்பைப் போட்டுட்டன். நீங்க வெள்ளவத்தைக்குப் போய் நல்லா நித்திரை கொள்ளுங்க."

அவருடைய குரலுக்குப் பின்னால் 'டக், டக்' என்று ஒரு சத்தம். புதுக் கப்ளிங்குக்கு அந்தச் சத்தம் இருக்கக்கூடாது.

நான்கு தடவை அழைத்தேன். அந்த இரைச்சலில் ஃபோன் கேட்காது. வாசல் காவலரின் இலக்கம் என்னிடம் இல்லை. கல்கிசையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். "இக்மன்ட அய்யே, இக்மன்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தியும் காலி வீதியின் வாகன நெரிசல் நகரவில்லை. என் மூளைக்குப் பட்டியல் போடத்தான் தெரியும். ஒன்று, ரப்பர் கரையும். இரண்டு, போல்ட் இரும்பிலேயே அடிக்கும். மூன்று, போல்ட் முறிந்து பறக்கும். நான்கு, மூடி இல்லை. ஐந்து, மோட்டார்க் காற்றுக்காக அவர் தன் பிளாஸ்டிக் கதிரையைக் கப்ளிங்குக்குப் பக்கத்தில்தான் போடுவார். ஆறாவதை நினைக்க முடியாமல் முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அங்கேதான் இருந்தார், மடியில் சோற்றுப் பார்சலோடு.

"என்ன மிஸ், கோச்சியை விட்டுட்டீங்களா?"

"எழும்புங்க அண்ணா!"

"இந்தச் சோத்தை மட்டும்..."

"சோத்தோடயே எழும்புங்க!"

அவர் விலகியதும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். தண்டு சுற்றிச் சுற்றி நின்றது. கப்ளிங்கின் அடியிலும் அவருடைய செருப்பிலும் கறுப்பு ரப்பர்த் தூள். இரண்டு உறைகள் முழுதாகப் போயிருந்தன. ஒரு போல்ட்டின் கழுத்தில் பாதிவரை வெடிப்பு. குழாயைத் தளர்த்தியபோது அது துள்ளி விலகியது; அதுதான் பம்பை இழுத்துக்கொண்டிருந்தது.

நான் கழற்றிய அந்தப் போல்ட்டை அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாள்ல சரி போட்டிருந்திச்சே, மிஸ்."

"செய்யாமலே போட்டனான், அண்ணா."

அவர் கதிரையைப் பார்த்தார், பிறகு என்னை.

"அப்ப மற்ற மெஷினுகள்?"

சுவருக்கு அப்பால் அவை ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்குப் போய்ப் பழைய சரிபார்ப்புத் தாள்களின் கோப்பைத் திறந்தேன். என் கையெழுத்தோடு பதினொரு தாள்கள், ஒன்றிலும் ஒரு கறை இல்லை. எதில் எந்த வரியை உண்மையாகச் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. முகாமையாளருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன், எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லுமுன் அண்ணா முதலாவது இயந்திரத்தை நிறுத்த அதன் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.